வாரிய வீட்டுக்குத் தகுதி உண்டா: இ-சேவை மையம் எதுவரை உதவும்?

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு வியாசர்பாடி, தண்டையார்பேட்டையில் இன்னும் குடிசை மாற்று வாரியம் என்றுதான் பெயர். அங்கே வீடு கிடைக்குமா என்று கேட்டு இ-சேவை மையத்தில் நிற்பது வீண். அதை வாரிய அலுவலகம்தான் சொல்லும். மையத்தில் கிடைப்பது அந்த வீட்டு மனுவுக்கு வேண்டிய வருமானச் சான்று. அந்த வேலைக்கு மையம் நன்று, கட்டணம் 60 ரூபாய்.

சிக்கல் வருவது முகவரியில். ஆதாரில் திருவொற்றியூர், ரேஷன் கார்டில் வியாசர்பாடி என்றிருந்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணையிலேயே மனு நிற்கும். முதலில் கார்டைத் திருத்துங்கள். ஆதாரில் இணைத்த போன் கையில் இருக்கட்டும், ஓடிபி வரும்.

வாரிய வீட்டுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். குடும்பத் தலைவர் கூலி மட்டுமல்ல, மனைவி வீட்டுவேலையில் வாங்குவதும் சேரும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பேரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு கூடாது. ஊரில் இருக்கும் பங்கு வீட்டை மறைத்தால் பின்னால் மாட்டும்.

பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது தரும் 24,000 ரூபாய் கருணைத்தொகை, அங்கிருந்து காலிசெய்யும் குடும்பங்களுக்கு மட்டும். தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் அதைக் கேட்க முடியாது.