மாதாமாதம் மருந்தா, வாரம் ஒரு பார்வையா?

செடிக்கு நோய் வருமுன் காப்பது என்றதும் பலர் கையில் எடுப்பது தெளிப்பானைத்தான். பூச்சி இருக்கிறதோ இல்லையோ, மாதம் பிறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று மருந்து. இன்னொரு வழி, வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்ப்பது, தூரில் மூடாக்குப் போடுவது (தழையைப் பரப்பி மண்ணை மூடுவது), தேவையான இடத்தில் மட்டும் கைவைப்பது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், இப்போது இரண்டாவதுதான்.

மருந்து அடிப்பதில் சௌகரியம் உண்டு, யோசிக்கவே வேண்டாம். ஆனால் அது செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியோடு சேர்த்து, அதைத் தின்னும் பொறிவண்டையும் கொன்றுவிடுகிறது, அப்புறம் மிஞ்சிய அசுவினி பெருகும்போது தடுக்க ஆளே இல்லை. மண்ணில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து மகரந்தம் வரைக்கும் போகும். தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தவே தடை போட்டது. வேப்ப எண்ணெய் பரவாயில்லை, ஆனால் வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். இன்று அடித்தது அடுத்த மாதப் பூச்சிக்குக் காவல் நிற்காது.

பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம், அவை கழிக்கும் தேன்பசைக்குத்தான் எறும்பு ஏறுகிறது. கீழ் இலையைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும், விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும். இந்தக் கட்டத்தில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினி பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

மூடாக்கு விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். நல்லது என்று நினைத்து மரத்தின் அடியில் தழையைக் குவித்து வைத்தேன்; சில மாதம் கழித்து விலக்கிப் பார்த்தால் பட்டை ஊறிப்போய், நகம் பட்டதும் உரிந்து வந்தது. 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் காலியாக விடுங்கள். கவாத்து செய்த, அதாவது கிளையை வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசவும் வேண்டாம், மரம் தானாகவே காயத்தை மூடிக்கொள்ளும்.

சரி, மருந்தே வேண்டாமா? ஒரே மரத்தில் வருடாவருடம் செதிள்பூச்சி (ஓடு மூடி மரத்தில் ஒட்டிக்கிடக்கும் பூச்சி) வந்தால் அடிக்கலாம், அதுவும் குஞ்சுகள் ஊர்ந்து திரியும் சில நாட்களில். ஓடு கெட்டியான பிறகு பெரும்பாலான மருந்துகள் உள்ளே எட்டாது. அந்த நாட்களைப் பிடிக்கவும் வாராவாரம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.