மிசூரியா, யெல்லோஸ்டோனா? மொன்டானாவுக்கு ஃப்ளை ராடோடு கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ட்ரவுட் என்ற ஆற்று மீனை ஃப்ளை ராடால், அதாவது பூச்சிபோலக் கட்டிய ஃப்ளை என்ற செயற்கை இரையை வீசும் தூண்டிலால், பிடிக்க ஒரே வாரம்தான் லீவு கிடைத்திருக்கிறது, எந்த ஆறு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மிசூரி என்பார்கள். காரணம் எண்ணிக்கை. ஹோல்ட்டர் அணைக்குக் கீழே, க்ரெய்க் என்ற குட்டி ஊரைச் சுற்றி, ஒரு மைலுக்கு ஆயிரக்கணக்கில் ட்ரவுட் இருப்பதாக மாநில அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. யெல்லோஸ்டோன் ஆறு அந்தக் கணக்கில் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஆற்றில் மீன் இருப்பது வேறு, அது நீங்கள் வீசுகிற ஃப்ளையைக் கடிப்பது வேறு. வீசவே இப்போதுதான் பழகியிருக்கிறீர்கள், மீன் மேலே வந்து எடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் நான் யெல்லோஸ்டோனைத்தான் சொல்வேன்.

மிசூரியின் இந்தப் பகுதி அணைத் தண்ணீர். ஹோல்ட்டரிலிருந்து காஸ்கேட் ஊர் வரை சுமார் 35 மைல், அகலமாக, வழவழவென்று, அலையே இல்லாமல் போகும். கோடையில் வினாடிக்கு 4,000 கன அடிக்கு முன்பின் ஓடும், மழை பெய்தாலும் பெரிதாகக் கலங்காது. அடியில் பாசியும் செடியும் அடர்த்தி, அதனால் பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் மீனுக்கும் பஞ்சமில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாப்பாடு தானாக மிதந்து வரும்போது மீன் எதற்கு அவசரப்பட வேண்டும்?

ஆகஸ்ட் காலையில் ட்ரைக்கோ என்கிற பொடிப் பூச்சி செத்துத் தண்ணீர்மேல் விழும்போது போய்ப் பாருங்கள். ரெயின்போ ட்ரவுட்டுகள் வரிசையாக நின்றுகொண்டு மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி உறிஞ்சும், ஒரு முழம்கூட இடம் மாறாது. உங்கள் ஃப்ளை எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது, 20 அல்லது 22 நம்பர் கொக்கி (நம்பர் ஏற ஏறக் கொக்கி சிறிது). லீடர், அதாவது லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு, 12 அடியாவது வேண்டும், அதன் நுனியில் 6எக்ஸ் டிப்பெட் என்ற இன்னும் மெல்லிய நரம்பு. மீனுக்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் பக்கமாக நின்று, லைனுக்கு முன்னால் ஃப்ளை போய்ச் சேரும்படி விட வேண்டும், அதுவும் மீன் அடுத்த தடவை மூக்கை நீட்டும் நேரத்துக்குச் சரியாக. நீரோட்டம் லைனைக் கொஞ்சம் இழுத்து ஃப்ளை தண்ணீரில் கோடு போட்டால் முடிந்தது, அந்த மீன் ஓடக்கூட ஓடாது, உங்களைக் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் வருகிற நிஜப் பூச்சியைச் சாப்பிடும். இதைவிட எரிச்சல் வேறில்லை. அப்புறம் ஆகஸ்டிலிருந்து செடி அறுந்து மிதந்து வர ஆரம்பிக்கும், அடியில் நிம்ஃப் என்கிற மூழ்கும் ஃப்ளையை விட்டால் வீச்சுக்கு வீச்சு பச்சைக் கற்றையைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

மிசூரியில் இருபது பிடித்தேன் முப்பது பிடித்தேன் என்று வருகிற கதைகளில் பெரும்பாலானவை படகிலிருந்து, தக்கைக்குக் கீழே ஆழத்தில் நிம்ஃப் தொங்கவிட்டுப் பிடித்தவை. படகை ஓட்டுவது கைடு, ஆழம் சொல்வது கைடு, தக்கை முங்கியதும் கத்துவதும் கைடு. தப்பில்லை, நன்றாக மீன் விழும். ஆனால் அதற்காகவா தண்ணீர்மேல் மிதக்கும் ட்ரை ஃப்ளை வீசக் கற்றுக்கொண்டீர்கள்?

யெல்லோஸ்டோன் வேறு குணம். கிட்டத்தட்ட 690 மைல் நீளம், பெரிய அணை ஒன்றுகூடக் குறுக்கே இல்லை. அதன் விலையையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்: மே மாதம் பனி உருகத் தொடங்கினால் ஜூலை வரை காப்பி நிறத்தில் ஓடும், லிவிங்ஸ்டன் ஊரில் வினாடிக்கு 20,000 கன அடியைத் தொடுவது ஜூனில் சாதாரணம். 2022 ஜூனில் வந்த வெள்ளம் கார்டினர் பக்கம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காச் சாலையையே அடித்துக்கொண்டு போனது. தெளிந்த பிறகும், தேசியப் பூங்காவுக்குள் லமார் பள்ளத்தாக்கில் ஒரு இடிமழை பெய்தால் சேறு கீழே பாரடைஸ் பள்ளத்தாக்கு வரை வந்துவிடும். காற்றோ, லிவிங்ஸ்டன் காற்றுக்குப் பேர்போன ஊர். 5 வெயிட் ராடு போதாது, அதைவிடக் கனமான லைன் வீசும் 6 எடுத்துப் போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் அது? ஆகஸ்டில் கரைப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி காற்றில் தவறி விழும். 8, 10 நம்பரில் நுரை ரப்பரில் கட்டிய பெரிய ஹாப்பர் (வெட்டுக்கிளி ஃப்ளை), கொஞ்சம் தடித்த 3எக்ஸ் டிப்பெட், கரையிலிருந்து ஒரு அடிக்குள் பொத்தென்று போட வேண்டும். ஆமாம், சத்தம் வந்தால் இன்னும் நல்லது, நிஜ வெட்டுக்கிளியும் அப்படித்தான் விழுகிறது. தண்ணீர் வேகமாகப் போவதால் மீனுக்கு உற்றுப் பார்க்க நேரமில்லை, எடு அல்லது விடு. வீச்சு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மன்னிக்கிற ஆறு இது. அதிலும் இந்த ஆற்றின் சொந்த மீனான கட்த்ரோட் ட்ரவுட் மெதுவாக மேலே வந்து, வாயைத் திறந்து, சாவகாசமாக எடுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கியதுதான் மிச்சம். தலை உள்ளே போகும் வரை பொறுத்திருந்து ராடைத் தூக்குங்கள். கையில் எடுத்தால் தாடைக்கு அடியில் ஆரஞ்சுக் கீறல் தெரியும். ரெயின்போவும் பிரவுன் ட்ரவுட்டும் இரண்டு ஆற்றிலும் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை, ட்ரவுட்டில் இது மட்டும்தான் மண்ணின் மைந்தன்.

ஒரு எச்சரிக்கை உண்டு. தண்ணீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடர்ந்து மூன்று நாள் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். 2016 ஆகஸ்டில் ஒட்டுண்ணி நோயால் ஆயிரக்கணக்கில் வைட்ஃபிஷ் என்ற மீன் செத்து மிதந்தபோது யெல்லோஸ்டோனில் 183 மைல் ஆற்றையே மொத்தமாக மூடினார்கள். டிக்கெட் போடும்போது இது மனதில் இருக்கட்டும்.

ஜூன் கடைசியில்தான் லீவு என்றால் யோசிக்கவே வேண்டாம், மிசூரி. யெல்லோஸ்டோன் அப்போது கலங்கல், மிசூரியில் பி.எம்.டி என்கிற வெளிர்மஞ்சள் மேஃப்ளைப் பூச்சி பறக்கும் காலம், ட்ரைக்கோ அளவுக்குப் படுத்தாது. க்ரெய்க் படகுத்துறையில் கூட்டம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கைடோடு ஒரு நாள் படகு, இரண்டு பேருக்கு 600 டாலருக்கு மேல், டிப் தனி. மொன்டானாவின் 1985 சட்டப்படி தண்ணீர் வழக்கமாக உயரும் கோட்டுக்குள் இருக்கும்வரை யார் நிலத்தின் ஓரமாகவும் ஆற்றில் நடக்கலாம், பொது வழியாக இறங்கினால் போதும். மிசூரியில் தண்ணீர் குறைவாக விடும் நாட்களில் க்ரெய்க்குக்கு மேலே நீங்களே இறங்கி நின்று பிடிக்கலாம், கைடு இல்லாமலும் ஒப்பேற்றலாம். யெல்லோஸ்டோனில் அடியெல்லாம் வழுக்கும் உருண்டைக் கல், இழுப்பு பலம், நல்ல கரைகள் பாதி எதிர்ப்பக்கம். கைடுக்கு ஒரு நாள் காசுதான் இருக்கிறது என்றால் அதை யெல்லோஸ்டோனில் செலவழியுங்கள், கிளம்புவதற்கு முந்தின இரவு லமாரில் மழை பெய்ததா என்று அவரிடமே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.