குனிந்து பார்க்க வேண்டிய காடு: க்ளென் ஃபெஷி, ஸ்காட்லாந்து (5-க்கு 4.5)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே டிக்கெட் கவுன்டர் கிடையாது, கூடவே வந்து காட்டவும் ஆள் கிடையாது. கெய்ர்ன்கார்ம்ஸ் மலைகளின் மேற்குப் பக்கம் 40,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் தனியார் நிலம். வேரோ மோடா, ஜாக் அண்ட் ஜோன்ஸ் துணியெல்லாம் விற்கிற பெஸ்ட்செல்லர் கம்பெனியின் முதலாளி, டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் போவ்ல்சன் 2006-ல் வாங்கினார். தனியார் நிலம்தான், ஆனாலும் ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் உள்ளே நடந்து போகலாம், வேலியைத் தாண்டிய குற்றம் என்று யாரும் விரட்ட முடியாது.

இதற்கு முந்தின நாள் வேறொரு பக்கம் ஜீப் டூருக்குப் போய் ஏமாந்தோம், பெயர் வேண்டாம். நல்ல காசு. வழிகாட்டி மொட்டை மலைகளைக் காட்டி இதுதான் கன்னி கழியாத ஆதி நிலம் என்று மூன்று மணி நேரம் பேசினார். கேரட் போட்டுப் பழக்கிய மான்கள் ஜன்னலோரம் வந்து நின்றன, எல்லோரும் செல்ஃபி எடுத்தோம். என் மாமனார் மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள், சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். "மலை ஏன் மாப்பிள்ளை இப்படி மொட்டையடிச்ச மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். வழிகாட்டியிடம் கேட்டதற்கு, இங்கே எப்போதும் இப்படித்தான் என்றார்.

எப்போதும் இப்படி இல்லை என்பது க்ளென் ஃபெஷியில் கால் வைத்தால் தெரியும்.

போகும்போதே மாமா, "கொடைக்கானல் பைன் காடு மாதிரியா?" என்று கேட்டார். அது நேர் எதிர். கொடைக்கானலில் பைன் வெளியூர் மரம், வரிசை பிடித்து நட்டது, அடியில் காய்ந்த ஊசி இலை மெத்தையைத் தவிர பெரிதாக எதுவும் இருக்காது. இங்கே ஸ்காட்ஸ் பைன்தான் மண்ணின் மரம், வரிசை என்று ஒன்றும் இல்லை. இருநூறு முந்நூறு வயது மரங்கள் ஆளுக்கொரு திசையில் கிளையை வீசிக்கொண்டு நிற்கின்றன, அடிமரம் சாம்பல், மேலே போகப்போக செம்மண் நிறம். இவற்றை 'பாட்டி பைன்' என்றே சொல்கிறார்கள். கீழே ஜூனிபர் புதர், ஹெதர் செடி, புளூபெரிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு பழச்செடி, முழங்கால் உயரத்துக்கு எறும்புப் புற்று. புற்று என்றால் மண் இல்லை, முழுக்க பைன் ஊசிகளைக் குவித்துக் கட்டியது.

ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பாட்டிகளையே போட்டோ எடுக்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது குனிந்தால்தான் தெரியும். ஹெதருக்கு நடுவில் விரல் நீளம், முழ நீளம், ஆள் உயரம் என்று எல்லா அளவிலும் பைன் குட்டிகள், எண்ணி முடியாது. மாமா ஒரு இளமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அடியில் முழங்கால் உயரம் வரை முறுக்கிக்கொண்டு, முண்டும் முடிச்சுமாக, நாலைந்து கிளை கோணிப்போய்க் கிடந்தது. அதற்கு மேல் ஒரே தண்டு, ஈட்டி மாதிரி நேராக. "இது ஆடு வாய் வச்ச செடி மாப்பிள்ளை. துளிர் விட விடக் கடிச்சிருக்கு. அப்புறம் ஒரு வருஷம் ஆடு வரல, கிளம்பிருச்சு."

ஆடு இல்லை, மான். மற்றதெல்லாம் அப்படியே சரி. இந்தப் பைன் வருஷத்துக்கு ஒரு வட்டம் கிளை விடும், வட்டத்தை எண்ணினால் வயது. நேரான பகுதியில் மட்டும் எண்ணிப் பார்த்தோம், பதினெட்டு. போவ்ல்சன் வாங்கிய காலத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது கணக்கு.

இந்தக் காட்டை வெட்டியதும் உண்மைதான், கப்பலுக்கு, போருக்கு என்று. ஆனால் வெட்டிய காடு திரும்ப முளைக்கும், முளைத்ததைத் தின்றால்தான் முளைக்காது. விக்டோரியா காலத்திலிருந்து இந்த மலைகள் பணக்காரர்களின் மான் வேட்டைக்காகவே இருந்தன, கொம்புள்ள ஆண் மான் எத்தனை என்பதை வைத்துத்தான் நிலத்துக்கு விலை. ஓநாய் ஒழிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சதுர கிலோமீட்டருக்கு நாற்பது ஐம்பது மான் என்றானால் எந்த நாற்று தப்பும்? பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட கிராமம் மாதிரி பாட்டிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

வைத்தியம் துப்பாக்கிதான். 2004-ல் அரசாங்க ஆட்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கி நூற்றுக்கணக்கான மான்களைச் சுட்டார்கள், வேட்டைப் பண்ணை வேலையை நம்பியிருந்த உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். போவ்ல்சனின் ஆட்கள் அதை நிறுத்தாமல் தொடர்ந்து, எண்ணிக்கையை சதுர கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு என்று கொண்டுவந்தார்கள். எனக்குக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. மாமாவுக்கு அதில் குழப்பமே இல்லை, ஆட்டை அவிழ்த்துவிட்டுத் தோட்டமும் வேண்டும் என்றால் எப்படி என்கிறார்.

வேலி போட்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கே கேப்பர்கெய்லி என்று வான்கோழி அளவில் ஒரு காட்டுக்கோழி உண்டு, மொத்த பிரிட்டனிலும் ஐந்நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். தாழப் பறந்து மான் வேலியில் மோதியே நிறைய செத்திருக்கின்றன. அதனால் வேலி இல்லாமல், பெரும்பாலும் நாற்றும் நடாமல், பாட்டிகள் உதிர்த்த விதையிலேயே காடு தானாக எழும்பிக்கொண்டிருக்கிறது. விதை போய்ச் சேராத தூரத்தில் மட்டும் நடுகிறார்கள்.

இதற்கு 200 வருஷத் திட்டம் வைத்திருக்கிறார்கள். 2019 ஈஸ்டர் அன்று கொழும்புக் குண்டுவெடிப்பில் நான்கு பிள்ளைகளில் மூன்று பேரைப் பறிகொடுத்தவர் போவ்ல்சன். அதை அறிந்தபின் அந்த 200 என்ற எண்ணைச் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. இருந்தாலும் ஒரே ஆள் கையில் இவ்வளவு நிலம் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. அடுத்து வாங்குகிறவருக்கு மான் வேட்டைதான் வேண்டும் என்றால்? சில வருஷம் சுடாமல் விட்டால் போதும், மறுபடி எல்லாக் குட்டியும் முழங்கால் உயரத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

சரி, போகிறவர்களுக்கு. அக்லீன் பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்திவிட்டு, ஆற்றின் கிழக்குக் கரையிலேயே நடந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் ஒரு கல் வீடு வரும். 'பாத்தி' என்கிறார்கள், நம்ம கீரைப் பாத்தி இல்லை, வழிப்போக்கர் இலவசமாகத் தங்கும் வீடு. மின்சாரம் இல்லை, விறகு அடுப்பு உண்டு. பக்கத்திலேயே ஒற்றைப் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. கொம்புள்ள மான்களை வரைந்து புகழ் பெற்ற விக்டோரியா கால ஓவியர் லேண்ட்சீர் வந்து தங்கிய குடிசைகளின் மிச்சமாம்.

அரை மதிப்பெண் குறைத்தது மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சிக்காக. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று நின்றால் முகத்தை மொய்த்துவிடும், மே மாதமே உத்தமம். வழியில் ஓடையைக் கடக்க வேண்டும், பாலம் கிடையாது. நாங்கள் போன அன்று கணுக்கால் அளவுதான் தண்ணீர். முந்தின இரவு மழை பெய்திருந்தால் இக்கரையிலேயே உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள், இந்தப் பக்கமும் பைன் குட்டிகள் இருக்கின்றன.