ஓ.டி.பி. யாருடைய செல்பேசிக்கு வருகிறது?

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் வந்த இந்த விடுமுறையில் பெரும்பகுதி மருத்துவமனை வாசல்களில் கழிந்தது. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மாத்திரை அரசு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனை தனியாரிடம் என்று பழகியிருக்கிறார். இரண்டு இடங்களிலும் இப்போது எல்லாம் செல்பேசிக்குள் போய்விட்டன. அந்தச் செல்பேசி யார் கையில் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரின் உடம்பைக் கவனிக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஆபா எண். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் 14 இலக்க எண் அது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கினார்கள். எந்த மருத்துவமனையில் பார்த்தாலும் பதிவுகள் அந்த எண்ணின் கீழ் சேரும், நோயாளி ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே மருத்துவர் பார்க்க முடியும் என்பது ஏற்பாடு. சீட்டு போடும் இடத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரிசையில் நிற்காமல் டோக்கன் வந்துவிடும். நல்ல யோசனைதான்.

ஆனால் ஆதார் வழியாக எண் எடுக்கும்போது ஓ.டி.பி. ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும். அம்மாவின் ஆதாரில் இருந்தது மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பியின் பழைய இந்திய எண். கவுன்டரில் அம்மா நிற்கிறார், எண்ணோ கடல் கடந்து கிடக்கிறது, அவன் வேலை நேரத்தில் செல்பேசியைத் தொட முடியாது. விரல் ரேகை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். வயல் வேலையும் பாத்திரம் துலக்கலுமாகத் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்கவில்லை. பின்னால் நின்ற பெரியவர் பட்டுத்தறி நெய்தவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர். தமிழ் நன்றாகப் படிப்பார், ஆனால் சர்க்கரையால் கண் மங்கித் திரையில் எழுத்தே தெரியவில்லை. அவருக்கு அடுத்து ஒடிசாவிலிருந்து வந்து ஓட்டலில் வேலை பார்க்கும், தமிழ் படிக்கத் தெரியாத இளைஞர். மூவருக்கும் மூன்று விதமான தடை. ஒரே உதவி எண்ணை எழுதி ஒட்டிவிட்டால் இவை தீராது.

தனியார் மருத்துவமனையில் நிலைமை எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. அறிக்கையைக் காகிதத்தில் கேட்டதற்கு, ஆப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுக்க ஆங்கிலம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு எழுத்து, அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு வரி இல்லை. எழுபது வயதுப் பெண்ணுக்கு அந்தச் சிவப்பு எழுத்து பயத்தைத் தவிர வேறு எதைக் கொடுக்கும்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இதே பரிசோதனையை வேறு அலகில் தருகிறார்கள். நம் ஊர் 8.2 சதவீதம் அங்கே ஏறக்குறைய 66. வெறும் வயிற்றுச் சர்க்கரை 162 என்றால் அங்கே 9. ஊரிலிருந்து வரும் படத்தைப் பார்த்துப் பதறுவதற்கும், பதற வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருந்துவிடுவதற்கும் முன்னால் அலகைப் பாருங்கள்.

லண்டனில் என் மருந்துக் கணக்கு அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் ஆப்பில் இருக்கிறது. மாத்திரை தீரும் முன் அதிலேயே கேட்டால் வழக்கமான மருந்துக்கடைக்குச் சீட்டு போய்விடும். வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால், மருத்துவரின் அலுவலகம் அனுமதித்த பிறகு, தங்கள் கணக்கிலிருந்தே அவர்களுடையதையும் பார்க்கலாம். கடவுச்சொல்லைக் கைமாற்ற வேண்டியதில்லை. ஊரில் ஒவ்வொரு மருத்துவமனை ஆப்பும் இந்த வசதியை வெளிப்படையாகக் கொடுத்தாக வேண்டும். நோயாளியின் செல்பேசியைப் பேரன் வாங்கித் தட்டுவதுதான் இன்று நடைமுறை. பாட்டிக்கு மறைக்க வேண்டிய நோய் ஏதும் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம்.

என்னை நெகிழ வைத்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் அது. மகளிர் குழுவிலிருந்து வந்த அந்தப் பெண் அம்மாவை "அத்தை" என்றுதான் கூப்பிடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், தன் செல்பேசியில் ஏற்றினார். பிறகு அதே எண்களை அம்மாவின் நோட்டிலும் எழுதி, "போன மாசத்தை விட ஏறியிருக்கிறது அத்தை, ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். அம்மா ஒப்புக்கொண்டார். நான் கேட்டபோதெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்று சொன்னவர் அவர்.

புறப்படும் முன் அந்தப் பெண் காலைக் காட்டச் சொன்னார். இடது பாதத்தின் அடியில் ஒரு புண். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது, அதனால் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டார்கள். எந்த ஆப்பும் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்திருக்காது. இப்படிப்பட்ட தன்னார்வலர்களின் கையிலேயே ஆபா பதிவு, அறிக்கை விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, அதற்கு உரிய ஊதியமும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கூடுதல் வேலையைச் சம்பளம் இல்லாத அன்பாக விட்டுவைப்பது நியாயமல்ல.

ஊருக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே பெற்றோரின் ஆதாரில் அவர்கள் கையில் இருக்கும் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஆதார் மையத்துக்கு நடக்க முடியாதவர்களுக்கு அஞ்சல் துறை வங்கி வழியாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எண்ணை மாற்றித் தருகிறார். ரேகை பதியாவிட்டால் மையத்தில் கண்விழி வழியாகப் பார்க்கச் சொல்லலாம். பழைய அறிக்கைகளை ஒரு கோப்பில் தேதி வரிசையாக அடுக்கி வையுங்கள். நோட்டை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அம்மாவின் மருத்துவர் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அதைத்தான்.