கரிம வேதியியல் பயிற்சி வினாக்கள்: இணையத்தில் எதை நம்பலாம்?

கரிம வேதியியல் வினாக்களுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. ஆனால் நாள்பட்ட பயன்பாட்டில் கைகொடுப்பவை நான்கைந்து தளங்கள்தான்.

முதலிடம் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தின் இலவசப் பாடத்தளமான ஓப்பன்கோர்ஸ்வேருக்கு. 5.12, 5.13 என்ற பாட எண்களில் தேடினால் பழைய தேர்வுத்தாள்கள் விடையோடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். தாள்களுக்கு இருபது வயது ஆனால் என்ன, எஸ்என்2 (ஒரு தொகுதி உள்ளே வரும்போதே மற்றொன்று வெளியேறும் பதிலீட்டு வினை) மாறிவிடவில்லையே! எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புகள் போட்டு வினைவழிமுறையை வரையச் சொல்வதால் ஊகித்துத் தப்ப வழியில்லை. அடிப்படை ஆட்டம் கண்டால் ஓப்பன்ஸ்டாக்ஸின் இலவசப் பாடநூலில் அத்தியாய இறுதிப் பயிற்சிகளைப் போடலாம். இன்னொரு இலவசப் பாடநூல் தளமான லிப்ரடெக்ஸ்ட்ஸில் சரக்கு நிறைய. ஒரே தலைப்புக்குப் பல பக்கங்கள் இருப்பதால் தேடித்தான் அலுத்துப்போகும்.

நிறமாலைக்கு யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் வெப்ஸ்பெக்ட்ரா; வாய்பாட்டையும் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), அகச்சிவப்பு நிறமாலைகளையும் தந்து சேர்மத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும். மூலக்கூறு வாய்பாட்டிலிருந்து நிறைவுறாமை எண்ணைப் போட்டுவிட்டுத்தான் என்எம்ஆர் பக்கம் போக வேண்டும். ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றால் எண் 1: ஒரு வளையம் அல்லது ஓர் இரட்டைப் பிணைப்பு. அகச்சிவப்பில் 1715 செ.மீ⁻¹ அருகே வலுவான பட்டை இருந்தால் அது கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு), வளையத்துக்கு இடமில்லை. விடையைச் சரிபார்க்க ஜப்பானின் எஸ்டிபிஎஸ் நிறமாலைத் தரவுத்தளம் போதும்.

நாலு விடையில் ஒன்றைத் தொடும் வினாடி வினாத் தளங்களில்தான் வம்பு. வினைநிலையைச் சொல்லாமலே விளைபொருளைக் கேட்பார்கள். 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனுடன் 'வலுவான காரம்' என்று மட்டும் போட்டால் எந்த ஆல்க்கீன் என்று எப்படிச் சொல்வது? சோடியம் ஈத்தாக்சைடு என்றால் சுமார் 70 விழுக்காடு 2-மெத்தில்பியூட்-2-ஈன், மீதி 2-மெத்தில்பியூட்-1-ஈன். பருத்த பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு ஓரத்து ஹைட்ரஜனைத்தான் எளிதில் எட்டும், விகிதம் ஏறக்குறையத் தலைகீழாகும்.

தளத்தின் தரத்தை எடைபோட ஒரு வினா போதும்: 3-மெத்தில்பியூட்-1-ஈனுடன் ஹைட்ரஜன் புரோமைடு. ஹைட்ரைடு (எலக்ட்ரான் இணையோடு நகரும் ஹைட்ரஜன்) இடம்பெயர்ந்து, அதிக நிலைப்புள்ள மூவிணையக் கார்பன் நேரயனி உருவாவதால் 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனும் கணிசமாக வரும். ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனில் சேரும் என்ற மார்கோனிகாஃப் விதியோடு விடை நின்றுவிட்டால் அந்தத் தளத்தை மூடிவிடலாம்.

செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தரும் வினாக்களில் முப்பரிமாண அமைப்பை நம்பவே கூடாது. எஸ்என்2 என்றாலே 'ஆர்' போய் 'எஸ்' (முப்பரிமாண அமைப்பைக் குறிக்கும் எழுத்துகள்) வரும் என்று அடித்துச் சொல்லும். வெளியேறும் தொகுதிக்கும் உள்ளே வரும் தொகுதிக்கும் முன்னுரிமை வரிசை வேறுபட்டால், அமைப்பு தலைகீழானாலும் எழுத்து அப்படியே நிற்கலாம். ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து பார்த்த பிறகே விடையைத் திறக்க வேண்டும்.