கடல்நீர் மீன்தொட்டியில் காரணம் தெரியாத சாவுகள்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

சென்னையில் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கழிவில் உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, பி.எச். 8.2, உப்படர்த்தி 1.025, ஆனாலும் காலையில் மீன் செத்துக் கிடக்கிறது என்று பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் நன்றாகத் தெரியும். டெஸ்ட் கிட் காட்டும் எண்களைவிட, எது முதலில் செத்தது, எந்த நேரத்தில் செத்தது என்ற இரண்டு விவரங்களே எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

பெரிய மீன் முதலில், அதுவும் விடியும் முன் செத்தால் ஆக்சிஜனைச் சந்தேகிக்க வேண்டும். என் தொட்டியில் கோடை மின்வெட்டு இரவொன்றில் பெரிய மீனான நீல டாங் செத்துப்போனது. கோமாளி மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராமைக்கூட எட்டாது. நம் ஊர் வெயிலில் அது மேலும் குறையும். விளக்கு அணைந்தபின் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைந்திருக்கும். காலை பத்து மணிக்கு நீரைச் சோதித்தால் இதில் ஒன்றும் தெரியாது.

அதன்பின் மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் வாங்கினேன். இந்தத் தொட்டிக்காக வாங்கியவற்றில் விலை குறைந்தது அதுதான், மிகவும் பயன்பட்டதும் அதுதான். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பல மணி நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே இயக்காதீர்கள். உள்ளே காற்றில்லாமல் கெட்டுப்போன நீர் முழுவதும் தொட்டிக்குள் வந்துவிடும். திறந்து, உப்புநீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

மீன்கள் நன்றாக இருக்க, இறால்கள் மட்டும் செத்தால் கதை வேறு. நீரில் தாமிரம் கலந்திருக்கலாம், அல்லது பூச்சிக்கொல்லி. மழைக்காலத்தில் என் துப்புரவு இறால்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. புரோட்டீன் ஸ்கிம்மர் அறைக் காற்றை இழுத்து நீரில் நுரைக்கும் கருவி. அதற்கு இரண்டடி தள்ளித்தான் திரவக் கொசுவிரட்டி எரிந்துகொண்டிருந்தது. அதிலுள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் இறால், நண்டு இனங்களுக்குக் கொடிய நஞ்சு. காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். அதன்பிறகு அந்த மாதிரிச் சாவு இல்லை. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் கொசுப்புகை அடிக்கும் நாளில் இன்றும் ஸ்கிம்மரை நிறுத்திவிடுகிறேன்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்ல கருவி, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு அளவுள்ள (35 பி.பி.டி.) திரவத்தால் சரிபார்த்தால் மட்டும். சென்னையில் ஹீட்டர் எனக்குத் தேவைப்படவில்லை. நீர்மட்டத்தின் மேல் ஓடும் சிறு மின்விசிறி போதும். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

புதிதாக வந்த மீனும் அதைத் தொடர்ந்து மற்றவையும் சில நாட்களில் போனால், அது பெரும்பாலும் ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோய். மூச்சு வேகமாகும், பம்பின் நீரோட்டத்தில் போய் நிற்கும், உண்ணாது. உடலில் படிந்த தூசு பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது. கொளத்தூர்க் கடைகளில் வாங்கும்போது, மீன் இரை எடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன். வீட்டில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் போட்ட தனித்தொட்டியில்தான் ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்து. முதன்மைத் தொட்டியில் அதை ஒருபோதும் ஊற்றக்கூடாது: இறால்கள் சாகும், பாறைகளும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் புகுந்துவிட்டால் மீன்களை எல்லாம் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாட்கள் மீனின்றி விட்டுவைப்பது பொழுதுபோக்காளர்களிடையே உள்ள வழக்கம். இறால்களும் நத்தைகளும் உள்ளேயே இருக்கலாம். அவற்றின் உடலில் அந்த ஒட்டுண்ணி வளராது.