டிரெய்லர் பம்ப் குழாய்க்கு எது: கிரிம்ப் வளையமா, புஷ் ஃபிட்டா?

அமெரிக்க டிராவல் டிரெய்லர்களில் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகள்) 12 வோல்ட் தண்ணீர் பம்ப் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ சிங்க்குக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். அங்கே அரை அங்குல பெக்ஸ் குழாய் (வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்) இணைப்பில் கசிந்தால் எதைப் போடுவது: செப்பு வளையத்தைக் கருவியால் நெருக்கிப் பிடிக்கும் கிரிம்பா, குழாயை உள்ளே தள்ளினாலே பிடித்துக்கொள்ளும் புஷ் ஃபிட்டா?

செலவு
கிரிம்ப்: செப்பு வளையம் மலிவு, அழுத்தும் கருவிக்குத் தனிச் செலவு.
புஷ் ஃபிட்: ஒன்றுக்கே சில டாலர், கருவி வேண்டாம்.

வசதி
கிரிம்ப்: கருவியின் கைப்பிடியை விரிக்க இடம் வேண்டும். கட்டிலுக்கு அடியில் அது எங்கே கிடைக்கும்?
புஷ் ஃபிட்: குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, குறித்த ஆழம் வரை தள்ளினால் போதும். திரும்பக் கழற்றலாம்.

உறுதி
கிரிம்ப்: வளையம் சரியாக நெருங்கியதா என்று சோதிக்கும் அளவியில் சரியாக அமர்ந்தால் பல வருடம் மறந்துவிடலாம்.
புஷ் ஃபிட்: உள்ளே ரப்பர் வளையம். குழாயில் கீறல் இருந்தாலோ, பக்கவாட்டில் இழுபட்டாலோ கசியும்.

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் பக்கம்தான் வில்லங்கம். அங்கே விரிசல் விட்டால் ஒரு சொட்டும் வெளியே தெரியாமல் போகலாம். காற்றை உறிஞ்சிக்கொண்டு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை பம்பையே மாற்றப் பார்த்தேன்!

டிரெய்லரை வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு கிரிம்ப். பயணத்தின் நடுவே அவசரமா, பம்பை அடிக்கடி கழற்றுபவரா, புஷ் ஃபிட். எதுவானாலும் பம்பின் பிளாஸ்டிக் மரையைக் கையால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் விரிசல்தான்.